அடியில் ஒரு தகடு

அக்காவின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு சிவப்புக் கல்துண்டும் கிடந்தது. போன மாதம் அவள் இறந்தபின் அந்தப் பை என் கைக்கு வந்தது. கல் புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது. நடக்காமல் போன அவள் கல்யாணத்தின் மிச்சம் அவ்வளவுதான்.

விஜயபுரத்தில் எங்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும்போது அக்கா கண்டெடுத்த கல் அது. அப்போது கோலிகுண்டு அளவு இருந்தது. ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை எங்கே விழும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். திருத்தணிப் பக்கத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள், தன் காதில் மின்னிய கம்மலைத் தொட்டுக் காட்டி, "இந்த மாதிரி செவப்புக்கல்லு போட்டாத்தான் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு அதற்கு வழியில்லை. அந்த நேரத்தில் கிடைத்த கல்லை, சாமியே மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக வீடே நம்பியது.

நைனா எங்கள் இருவரையும் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். பட்டை தீட்டுபவர் கல்லை நனைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மாணிக்கக் கெம்பு இல்லீங்க. ஆனா நல்ல செவப்பு. குறுக்கால கீறல் ஓடுது, பெருசா அறுத்தா தாங்காது. ஓரத்துல சின்னதா ரெண்டு எடுக்கறேன். அடியில தகடு வெச்சுப் பதிச்சா பளிச்சுனு பெருசா தெரியும்."

நைனாவுக்கு முகம் மாறியது. "சம்பந்தி ஊட்ட ஏமாத்தச் சொல்றியா? கல்லுன்னா அதுவே மின்னணும். பெருசாவே ரெண்டா அறு."

"சின்னதே போதும் நைனா" என்றாள் அக்கா. அவர் காதில் வாங்கவில்லை. என் நைனா அவ்வளவு நேர்மையானவர். அந்த நேர்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சக்கரம் சுற்றியது. தண்ணீரோடு வெளுத்த சேறு வழிந்தது. சிவப்பெல்லாம் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று கல் நொறுங்கியது. அக்கா அழவில்லை. ஒரே ஒரு துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில், "பசிக்குதாடி? ஏதாவது துன்றியா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

எல்லை பிரிந்து மாப்பிள்ளை ஊர் மெட்ராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அதையே சாக்காக வைத்து அவர்கள் விலகினார்கள். பிறகு வந்தவர்களும் வெறுங்காதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேப்பங்குச்சி செருகிய காதோடுதான் அக்கா கிழவியானாள்.

நேற்று அந்தத் துண்டை மோதிரத்தில் பதிக்கலாமென்று திருப்பதிக்குப் போனேன். கடையில் ஒருவர் பழைய கெம்புக் கம்மலைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒரு தகடு.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றேன்.

சிரித்தார். "அந்தக் காலத்துக் கம்மல் எல்லாமே இப்படித்தாம்மா. தகடு வெக்காம யாரு பதிச்சாங்க?"

அந்தச் சம்பந்தியம்மாள் காதில் மின்னியதும் தகடுதான். சுருக்குப்பையை நான் திறக்கவே இல்லை.