குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கெஞ்சி நம்பவைக்க எனக்குப் பொறுமை இல்லை. இது எனக்கு நடந்தது. நடு ராத்திரியில் இல்லை, காய்ச்சலில் இல்லை. ஜப்பானின் பெப்பு நகரத்தில், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்த மாலை வேளையில், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

என் பெயர் யூன்-ஜென். தைவானில் தோலியூ சந்தையில் என் அப்பாவுக்குப் பன்றிக்கறிக் கடை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வாங்கி என்ன கிழித்தேன்? படிப்பு முடிந்த மறுவாரமே கறி வெட்டும் கட்டைக்கு முன்னால் நின்றேன். "படிச்ச கை. எலும்பு எவ்வளவு நேரா விழுது பாருங்க" என்று வாடிக்கையாளர்களிடம் அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்கத்தான் ஓராண்டு வேலை-விடுமுறை விசாவில் ஜப்பானுக்கு வந்தேன். கிளம்பும்போதும் அப்பா விடவில்லை.

"சீக்கிரமே கட்டைக்கு வந்துடுவ."

"செத்தாலும் வர மாட்டேன்" என்றேன்.

இங்கே முகவரி இல்லாமல் போன் கிடைக்காது. போன் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் எந்த ஓட்டலும் வேலை தராது. ஆக, ஓர் அறை. அது போனால் எல்லாம் போச்சு, திரும்பவும் கட்டை. வெளிநாட்டுப் பெண் என்றதும் வீடு காட்டுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். அறை பிடித்துக் கொடுத்தது ஜியா-ச்சி அக்கா. எங்கள் ஊர்க்காரி. ஓட்டல் துப்புரவுப் பிரிவில் எனக்கு மூத்தவள். தைவான் பெண்களுக்கு உதவுவதே தன் வேலை என்பதுபோல எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்வாள்.

"இந்த ஊர்ல பாதி வீட்டுக்குக் குளியலறையே கிடையாது. துண்டைத் தூக்கிட்டுத் தெருக்கோடி பொதுக் குளியலுக்கு ஓடணும். உனக்குத் தொட்டியோட கிடைச்சிருக்கு, மகாராணி."

"நீங்க எங்க குளிக்கிறீங்க, அக்கா?"

"தெருக்கோடியிலதான்."

இரண்டாம் மாடி. கதவுக்கு முன்னால் நின்று, "தட்டு" என்றாள்.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த அறைக்குள் யாரும் சும்மா நுழைய மாட்டோம். மூன்று முறை தட்டி, "மன்னிக்கணும், கொஞ்ச நாள் தங்க வந்திருக்கேன்" என்று சொல்வோம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பவர் வெளியேற வழிவிட்டு ஒதுங்கி நின்ற பிறகுதான் கால் வைப்போம்.

"ஜப்பான்லயுமா?"

"எங்க போனாலும் நம்ம வழக்கத்தை விடக்கூடாது. நம்ம பேச்சுலயே சொல்லு. சத்தமா."

சொன்னேன். ஒதுங்கி நின்றேன். எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. அக்கா வாசற்படியைத் தாண்டவில்லை. சாவியை என் கையில் திணித்துவிட்டு மடமடவென்று இறங்கிப் போனாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. சமையலறைச் சுவரில் வெந்நீரை இயக்கும் ஒரு பேனல், குளியலறைச் சுவரில் இன்னொன்று. பொத்தானை அமுக்கினால் தொட்டி தானாக நிறையும். நிறைந்ததும் சின்னதாக ஓர் இசை வரும், குளியல் தயார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லும். குளிப்பவருக்குத் துண்டு வேண்டுமென்றாலும் தலை சுற்றினாலும் சமையலறையில் இருப்பவரைக் கூப்பிட குளியலறைப் பேனலில் மணிப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. பேசவும் செய்யலாம். தனியாக இருப்பவளுக்கு அதனால் என்ன பயன் என்று அதைக் கவனிக்கவே இல்லை.

ஊர்தான் என்னை ஏற்கவில்லை. தப்பான பையில் போட்ட குப்பையை யாரோ என் வாசலிலேயே திருப்பி வைத்தார்கள். ஆசைக்கு ஒருநாள் போன பொதுக் குளியலில் ஒரு கிழவி, நான் சரியாகக் கழுவாமல் இறங்குகிறேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். ஓட்டல் மேற்பார்வையாளர் என் தலையணை உறைகளைப் பிரித்துப் பார்த்து, முடி தேடினார். போங்கடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வேலை முடித்து வந்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். தினமும் ஊர் ஒலிபெருக்கியில் போடும் ஐந்து மணிப் பாட்டு இன்னும் வரவில்லை. கீழே பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

சமையலறைப் பேனலில் அந்தச் சின்ன இசை, பிறகு அதே பெண் குரல்.

"குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்."

கரண்டி கையில் நின்றது.

போய்ப் பார்த்தேன். தொட்டி காலி. தரை காய்ந்திருந்தது. மணிப் பொத்தானில் மட்டும் விளக்கு எரிந்தது.

கீழ்த்தளத்தில் இருக்கும் மேலாளர் கிதானோவைக் கூப்பிட்டேன். காலுறையோடு வந்து, பேனலை இரண்டு தட்டு தட்டினார்.

"பழுது இல்ல. நீங்க எதையாவது அமுக்கியிருப்பீங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாத்தையும் அமுக்குவாங்க."

"நான் சமையலறையில இருந்தேன், ஐயா."

"அப்போ காத்து" என்றார். பேசும்போது தொட்டிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஐந்து மணிப் பாட்டுக்குச் சற்று முன்பு.

தண்ணீர்ச் சூட்டை நான் நாற்பது டிகிரியில் வைப்பேன். வந்து பார்த்தால் நாற்பத்து மூன்றில் இருக்கும். உட்கார்ந்து குளிக்கும் முக்காலி, நான் வைத்த இடத்தை விட்டு நகர்ந்து பேனலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். யாரோ அதில் உட்கார்ந்து, பொத்தானுக்கு எதிரே காத்திருந்ததைப் போல.

வெள்ளிக்கிழமை, இசைக்குப் பிறகு பேனல் அணையவில்லை. ஒலிவாங்கி திறந்தபடியே இருந்தது. தண்ணீர் அலையும் சத்தம். மூச்சு.

"அக்கா..."

எங்கள் ஊர்ப் பேச்சு.

"அக்கா... எழுந்திருக்க முடியல..."

என்னை அக்கா என்று கூப்பிட இந்த நாட்டில் யாரும் இல்லை. எல்லா இடத்திலும் நான்தான் சின்னவள். வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

மறுநாள் ஓட்டலில் ஜியா-ச்சி அக்காவிடம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. விரிப்பை உதறியபடியே கேட்டாள்.

"பதில் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிடு. 'இதோ வர்றேன்'னு சொல்லு. நம்ம ஊர்ப் பொண்ணு, பாவம். மரியாதையா பதில் சொன்னா அடங்கிடும்."

"வேற அறை கிடைக்காதாக்கா?"

"கிடைக்கும். அதுவரைக்கும் எங்க தூங்குவ, ரயில் நிலையத்துலயா? முகவரி போனா வேலையும் போயிடும். அப்பா கடைக்குப் போறியா?"

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை இசை வந்தது. குரல் வந்தது. பேனலில் வாயை வைத்துச் சொன்னேன்.

"இதோ வர்றேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிறகு, மிகத் தெளிவாக...

"எப்பவும் இப்படித்தான் சொல்லுவ."

அதன் பிறகு இரண்டு நாள் எதுவும் இல்லை. அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஓட்டலில் குளியல் தொட்டிகளாகத் தேய்த்து இடுப்பு ஒடிந்து வந்தேன். அந்தக் கிழவியின் பொதுக் குளியலுக்குப் போக மனசில்லை. என் வீடு, என் தொட்டி. எந்தச் சனியனுக்காக நான் பயப்படவேண்டும்? மணிப் பொத்தான்மேல் டேப் ஒட்டினேன். தொட்டியை நிரப்பி இறங்கினேன். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

கண்ணை மூடியிருந்தேன்.

சமையலறைப் பக்கம் சத்தம். பிப்.

பிப்.

பிப்.

பேனலில் ஒலியைக் குறைக்கும் சத்தம் அது. என் சமையலறையில் யாரோ நின்று, ஒலியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தேன். தலை சுற்றியது. தண்ணீர் சுட்டது. பேனலைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

மடிப்புக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

டேப்பைப் பிய்த்துப் பொத்தானை அமுக்கினேன். கதவுக்கு அப்பால் மணி கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

நாற்பத்தைந்து.

பேனலில் குரல். காதுக்குள் பேசுவதுபோல.

"நீ அங்கதான் நிக்கிற. எனக்குத் தெரியும்."

"நான் அவ இல்ல!"

"கேக்குதுல்ல, அக்கா? எனக்கும் அப்போ கேட்டுச்சு. நீ செருப்பு மாட்டின சத்தம்."

கால் மடங்கியது. விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது. செத்தாலும் வர மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னது ஏனோ அப்போதுதான் உறைத்தது. முக்காலியைத் தூக்கினேன். பன்றித் தொடை எலும்பு பிளந்த கை இது. கதவின் நடுப்பலகையில் போட்டேன். இன்னொன்று. இன்னொன்று. பலகை விரிந்தது. கிழிந்த தோளோடு வெளியே விழுந்தேன்.

சமையலறையில் ஆள் இல்லை.

ஒலி பூஜ்யத்தில் இருந்தது.

சத்தம் கேட்டு வந்த கிதானோ, என்மேல் ஒரு போர்வையைப் போட்டார். வாசலிலேயே நின்று, கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இங்க ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. உங்க நாட்டுக்காரங்க. சின்னவ பேரு வான்-லிங். தொட்டியில மயங்கி, அப்படியே போயிட்டா."

"கூட இருந்தவ?"

"சமையலறையில இருந்தா. விளையாட்டுக்குக் கூப்பிடுறான்னு நினைச்சாளாம். சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டா."

"யாரு அவ?"

கிதானோ முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சாவி குடுத்தாங்களே, அவங்கதான்."

மறுநாள் காலை, ஓட்டலின் துணி அறையில் ஜியா-ச்சியைப் பிடித்தேன். அதற்குமேல் அவளை அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கிதானோ சொன்னதை அவள் மறுக்கவும் இல்லை.

"நேபாளப் பசங்களை அந்த அறையில போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. அவனுங்க தட்ட மாட்டானுங்க, அவளுக்குப் புரியிற மாதிரி எதையும் சொல்ல மாட்டானுங்க. நம்ம பொண்ணுங்கதான் தட்டி, 'வந்திருக்கேன்'னு சொல்லுவாங்க. அவளும் நான்தான் வந்துட்டேன்னு நம்பிடுவா."

"எனக்கு முன்னாடி?"

"ரெண்டு பேர். ஒருத்தி ஊருக்கு ஓடிட்டா. இன்னொருத்தி..." முடிக்காமல் விரிப்பை மடித்தாள்.

"எதுக்குடி?"

"அங்க ஒருத்தி இருக்கற வரைக்கும் என்கிட்ட வர மாட்டா. அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை புதுசா ஒரு பொண்ணு வர்றா. சாவியைக் குடு, வாயை மூடிக்கோ. உனக்கு நல்ல அறையா, முகவரியோட நான் பார்த்துத் தர்றேன்."

எனக்கு அந்த முகவரி எவ்வளவு தேவை என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சாவியைக் கிதானோவின் தபால் பெட்டியில் போட்டேன். வியாழக்கிழமை ரயில் நிலையத்தில், ஜியா-ச்சிக்கு முன்னால் நான் நின்றேன். வந்தவள் பெயர் பின்-ஹான். தன் உயரத்துக்குப் பெட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியமோ என்பதுபோல என்னைப் பார்த்தவள், என் தோளில் போட்டிருந்த காயக்கட்டைப் பார்த்துவிட்டு நம்பினாள். இரண்டு பேரும் மூன்று இரவு, விடிய விடியத் திறந்திருக்கும் ஓர் இணைய மையத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினோம். நான்காம் நாள் இன்னோர் அறை கிடைத்தது. எலிப்பொந்து. குளியலறை இல்லை. ஆனால் முகவரி உண்டு. வேலை தப்பியது.

பழைய அறை காலியாகவே கிடந்தது.

அடுத்த வாரம் ஜியா-ச்சி வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நீதானே ஒரே ஊர்க்காரி, போய்ப் பார் என்று மேற்பார்வையாளர் என்னை அனுப்பினார். அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாடியில இருக்கற பொண்ணைப் பார்க்க வந்தீங்களா? அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கம்மா. ஒரு வாரமா சாயங்காலம் வந்தா அதே பாட்டு. 'குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள், குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்'... அப்புறம் அவ உங்க பாஷையில ஏதோ கத்துவா."

"இன்னைக்கு?"

"நேத்தோட நின்னுடுச்சு."

வீட்டுக்காரரை வரவழைத்தோம். கதவு உள்பக்கம் சங்கிலி போட்டிருந்தது. அறுத்துத்தான் திறந்தார்கள். அவள் செருப்பு வாசலில் இருந்தது. ஜன்னல்கள் உள்ளே தாழிட்டிருந்தன. ஒரே ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு கழிப்பிடம். பேனலும் இல்லை, தொட்டியும் இல்லை.

ஜியா-ச்சியும் இல்லை. இன்று வரை இல்லை.

தரைப் பாய் முழுக்க நனைந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்த வீட்டுக்காரர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் இன்னும் சுட்டது.