எஸ்தர் கேட்டும் நான் சொல்லாமல் இருந்தது

செவ்வாய்க்கிழமை காலை நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் எஸ்தரின் படத்தோடு அந்தச் செய்தி வந்தது. நான் உடனே அழவில்லை. குழுவில் வரும் எதையும் விசாரிக்காமல் நம்பக் கூடாது என்று என்னைப் பழக்கியவளே அவள்தான். அவள் மகள் ஷீபாவை அழைத்தேன். "ஹவ் ஆன்ட்டி, ஆமா, மம்மி போயிட்டாங்க" என்றாள். அதன் பிறகுதான் அழுதேன். அவள் கேட்டு நான் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

குஷாய்குடா பக்கத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நாங்கள் ஒரே பிரிவில் மின்னணுப் பலகைகளைச் சோதித்தோம். நூறு பலகை சரியாக இருந்தாலும் அடுத்ததையும் முதலிலிருந்து சோதிப்பாள். நான் கேலி செய்வேன். ஓய்வுபெற்ற பின் அந்தப் பிடிவாதம் அப்படியே கைபேசிக்கு மாறியது. ஆராதனை முடிந்து நாமெல்லாம் பிரியாணி நினைப்பில் இருக்க, அவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்காருவாள். அப்டேட் போட்டாயிற்றா, வாட்ஸ்அப்புக்குத் தனியாகப் பின் நம்பர் இருக்கிறதா என்று நம்மையே திறந்து பார்க்கச் சொல்வாள். தன் கையால் தொட மாட்டாள். கல்யாண நாளைப் பாஸ்வேர்டாக வைத்தவர்களுக்கு டோஸ் நிச்சயம். அந்தத் தேதிக்குத்தான் வருஷாவருஷம் குழுவில் வாழ்த்துப் போடுகிறோமே. "அவசரம்னு எவன் சொன்னாலும் நக்கோ, வேணாம்னு வச்சிடு. அப்புறம் நாமளே கூப்பிட்டுக் கேப்போம்" என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன் என் பெயரில் உங்களுக்கெல்லாம் செய்திகள் வந்தது நினைவிருக்கும். நான்தான் கேட்கிறேன் என்று நம்பி, தங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அனுப்பிய மூன்று பேரின் கணக்கும் பறிபோனது. அவர்களில் ஒருவரான ரோசி அக்கா பெயரில் கண்ட கண்ட படங்கள் போயின. அவர் வெட்கப்பட்டு இரண்டு மாதம் சபைப் பக்கமே வரவில்லை. அவருக்குக் கவனம் போதாது என்று சிலர் பேசியபோது நானும் தலையாட்டினேன். என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

எஸ்தரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் சொல்லுடி. நீ வெக்கப்பட்டு மூடி வச்சா அடுத்தவளும் மூடி வப்பா. ஏமாத்துறவனுக்கு அதுதான் வேணும்" என்றாள். சரி என்றேன். ஞாயிறுக்கு ஞாயிறு தள்ளிப்போட்டேன். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது சொல்கிறேன். ஒருவன் போன் செய்து, "ஸ்தோத்திரம் அக்கா, கேரல் பாட்டு ரவுண்டுக்கு உங்க வீட்டைச் சேக்கணும். ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றான். வேற்று மொழி பேசும் இந்த ஊரில் போனில் தமிழ் கேட்டாலே நமக்கு மனசு இளகிவிடுகிறது. நானே அந்த எண்ணை வாசித்துக் காட்டினேன். யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை.

ரோசி அக்கா, முதலில் ஏமாந்தது நான். பழி உங்கள்மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். என்னை மன்னித்துவிடுங்கள். எஸ்தரின் ஞாயிற்றுக்கிழமை வேலையை இனி நான் எடுத்துக்கொள்கிறேன். வருகிற வாரம் எழுந்து நின்று இதையே வாய்விட்டும் சொல்வேன்.