பாடம் நடத்தியவனின் பாத்ரூம்

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் நான் கெமிக்கல் சூப்பர்வைசர். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும் என்று வருடாவருடம் தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்துபவன்.

அப்பேர்ப்பட்ட அறிவாளியான நான்தான், வீட்டு பாத்ரூமில் பவுடரைத் தூவி, கறை போகவில்லையென்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினேன்.

"நெடி தாங்கல, ஜன்னலயாச்சும் தொறங்க" என்றாள் மனைவி.

தோல் நாற்றத்திலேயே ஊறிய மூக்கு இது, வீட்டு நெடியா என்னைச் சாய்க்கும் என்று இளக்காரமாகச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் தொண்டை இறுகி, மூச்சுத் திணறிச் சுருண்டு விழுந்தேன்.

மனைவியின் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு சலீமா, எங்கள் ஃபேக்டரித் தொழிலாளி, என்னை வாசலுக்கு இழுத்துப் போட்டார்.

"இன்னா சார், ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இருமல் அடங்க ஒரு வாரம் ஆனது. இத்தனை வருடம் நான் நடத்திய பாடத்தைக் கேட்காத ஒரே ஆள் நான்தான்.