நடாமல் வைத்த டிராகன்

எங்கள் மலைக்கிராமமான பூண்டியிலிருந்து கொடைக்கானலுக்குக் கேரட் மூட்டை கொண்டுவரும் நாளெல்லாம், அங்கிருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினேன். காசுக்கு அல்ல. ஜெயித்தால் புதுச் சீட்டு கிடைக்கும், அதைச் சேர்த்து வைக்கலாம். மேகம் கதவு வழியே உள்ளே வந்து கீபோர்டை நனைத்துவிட்டுப் போகும். எந்த நாட்டிலோ யாரோ எனக்கு எதிராக ஆடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தங்க டிராகன் சீட்டு கிடைத்தது. அதை நான் ஆட்டத்தில் இறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பருத்த பூண்டைச் சமையலுக்குத் தொடமாட்டோம். விதைக்கென்று அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவோம். டிராகனையும் அப்படியே கட்டி வைத்தேன். அது இல்லாமலே வருடக்கணக்கில் தோற்றேன், பெருமையாக.

பிறகு விளையாட்டையே மூடப்போவதாக அறிவித்தார்கள். கடைசி நாளன்று மனைவியும் கூட வந்தாள்.

"இன்னைக்காச்சும் எறக்குங்க. வெரசா. பஸ்ஸு போயிரும்."

டிராகனை இறக்கினேன். திரை முழுக்கப் பொன் தீ. எதிராளி ஒரு தவளைச் சீட்டைப் போட்டார். தவளை டிராகனை விழுங்கி ஏப்பம் விட்டது. நான் பொத்தி வைத்திருந்த காலத்தில் ஆட்ட விதியை மாற்றி டிராகனின் பலத்தைக் குறைத்துவிட்டார்களாம், கடைக்காரர் சொன்னார்.

மனைவி சிரிக்கவில்லை. "விதைன்னா அடுத்த போகத்துல நடணும்ங்க. கட்டியே வச்சா உள்ள தோலுதான கெடக்கும்?"

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தள்ளுங்க. அந்தத் தவளைய இன்னொருக்கா வரச்சொல்லுங்க."

"பஸ்ஸு?"

"கெடக்கு."