கண்ணுக்குத் தெரியாத பசளை

கண்ணுக்குத் தெரியாத நன்மையை விளங்கப்படுத்துவதுதான் விவசாயப் போதனாசிரியர் உத்தியோகம். அறுபதுகளில் வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் நான் சைக்கிள் மிதித்துத் திரிந்தபோது, அமோனியா உரத்துக்காக வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. போட்ட கையோடு பயிர் கரும்பச்சையாய்க் கறுத்து, அதுவே பேசிவிடும். மண்ணுக்குள் மறைவாக வேலைசெய்யும் பொஸ்பேற்றுப் பசளைக்குத்தான் நான் பேசவேண்டும். வாய் நோகக் கதைத்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

வேரைப் பார்த்தவர்

கனகராயன்குளத்துக் கந்தையா அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர். விதைப்புக்கு முதல் அடிப்பசளையாகப் பொஸ்பேற்று போடவைத்தேன். பயிர் வளர்ந்தும் நிறம் மாறவில்லை. "செத்த பசளையைத் தந்திட்டியள் ஐயா" என்றார்.

காற்சட்டையை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினேன். பசளை படாத மூலையில் ஒரு பயிரும் நடுவில் ஒன்றும் பிடுங்கி, கழுவி, அவர் கையில் வைத்தேன். ஒன்றில் வேர் நூல்போல, மற்றதில் கைநிறைய. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேர் நல்லாய்த்தான் ஓடியிருக்கு. ஆனால் பக்கத்து வயல்காரன் என்ரை வேரையோ வந்து பாக்கப்போறான்?"

எந்த ஐயா?

உடையார்கட்டுச் செல்லத்துரை அண்ணை எதிர்மாறு. என் பேச்சைக் கேட்டு மிளகாய்க்கு ஒவ்வொரு போகமும் பொஸ்பேற்றை அள்ளிக் கொட்டுவார். அது அமோனியாபோலக் கரைந்து ஓடாது, பெரும்பங்கு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். போதிய அளவு இருப்பதாக மறுமொழி வந்தது. "அண்ணை, மிஞ்சினால் மண்ணுக்கும் கூடாது. இந்தப் போகம் பசளை வேண்டாம், பச்சை இலைகுழையை மண்ணுக்குள் தாட்டாலே காணும்" என்றேன். ஆசையாய் வாங்கிவைத்த பசளைச் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போடு எண்டதும் நீங்கள், போடாதை எண்டதும் நீங்கள். இதில நான் எந்த ஐயாவை நம்பிறது?"

வெறும் துண்டு

கிளிநொச்சிப் பக்கம் இரத்தினம் அக்காவின் வயல் முதல் வருசம் மழையில்லாமல் முழுதும் கருகிப்போனது. இந்தக் காலபோக மழைப்பயிரும் பிழைத்தால் காணியை விட்டுப் போவதென்று புருசனும் அவாவும் முடிவெடுத்திருந்தார்கள். அந்த வயலில்தான், ஊரார் வித்தியாசத்தைப் பார்க்க ஒரு துண்டை மட்டும் விட்டு மற்றதுக்கெல்லாம் பொஸ்பேற்று போடும்படி கேட்டேன். புருசன் தலையாட்டினார். அக்கா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றா.

அறுவடைக்கு ஊரைக் கூட்டி, என் மேலதிகாரியையும் அழைத்துப்போனேன். வயல் முழுவதும் ஒரேமாதிரிக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வெறும் துண்டு எதுவென்று எனக்கே தெரியவில்லை. வரம்பில் யாரோ சிரித்தார்கள். "பசளை போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்றோ?" என்று மேலதிகாரி கேட்க, நான் குனிந்து கதிர்களைப் புரட்டிப் புரட்டி அந்தத் துண்டைத் தேடினேன்.

அப்போது அக்கா முன்னால் வந்தா. புருசனுக்கும் சொல்லாமல் அந்தத் துண்டுக்கும் தானே பசளை போட்டதாகச் சொன்னா. ஏனென்று கேட்டேன்.

"கருகின வயலைப் பாத்த கண் ஐயா. எல்லாத்துக்கும் சோறு போட்டிட்டு ஒரு பிள்ளையை மட்டும் பட்டினி போட மனம் வரேல்லை."

மண்ணுக்குள் பொஸ்பேற்று மெல்லத்தான் நகரும் என்று படித்திருந்தேன். என் பேச்சு அதைவிட மெல்லத்தான் வரம்பு கடந்து அடுத்த வயல்களுக்குப் போனது என்றாலும், அந்த விளைச்சலைக் கண்ட குடும்பம் காணியை விட்டுப் போகவில்லை.