தராசில் ஏறாத மிஸ்

சுலோஜனா பிறந்தது திருகோணமலையில். அந்தப் பாவத்துக்குத்தான், சீனன்குடாவிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் சின்ன விமானக் கம்பெனியைச் சோதிக்க அரசாங்கம் எப்போதும் அவளையே அனுப்புகிறது. கண்டதும் ஊரே "எங்கட பிள்ளை" என்று கொண்டாடும். எங்கட பிள்ளை குறை சொன்னால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

இந்த முறை தலை கொதித்தது. டிக்கெட் பார்க்கும் பொடியன் நிருபன் ஒருவரையும் தராசில் ஏற்றவில்லை. ஆளுக்கு அறுபது கிலோ என்று பதிந்துகொண்டிருந்தான்.

"சின்னப் பிளேன், தம்பி. பாரம் கூடினா எழும்பாது. தராசு என்னத்துக்கு?"

"பெரிய ஆக்களை எப்பிடி மிஸ் ஏறச் சொல்லுறது? பொம்பிளையள் கோவிப்பினம்."

"கடலுக்க விழுந்தா கோவிக்க மாட்டினமோ?"

அவளே நின்று ஒவ்வொருவராக நிறுத்தாள். மூதூர் முதலாளி ஸெய்னுதீன், ஏதோ குறையும் என்பதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கடைசியாக வந்தது அவளுடைய அம்மா கமலேஸ்வரி, கையில் கந்தளாய்த் தயிர்ச் சட்டிகளோடு.

விரும்பிக் கலியாணம் கட்டிய மகளின் கொழும்பு வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று நின்ற அம்மா இவர். மகளும் கூடவே வருவாள் என்ற உறுதியில்தான் இன்றைக்கு இசைந்திருந்தார்.

விமானி கணக்குப் பார்த்தார். தயிரை இறக்கினாலும் ஓராள் பாரம் கூடுதல். கம்பெனி வழக்கப்படி கடைசியாக டிக்கெட் எடுத்தவர் இறங்கவேண்டும். அது அம்மா.

நிருபன் மெல்லக் கேட்டான். "அம்மாவுக்கு அறுபதெண்டே போடுவமோ, மிஸ்?"

"ஏலாது!"

சொல்லும்போதே எரிச்சலில் கண் கலங்கியது. இப்போது திருப்பி அனுப்பினால் அம்மா இந்தப் பிறவியில் இனி வரமாட்டார்.

அம்மா தராசைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எல்லாரையும் ஏத்தினனி. நீயும் இதிலதானே வாறாய்? நீ ஏறினனியே?"

ஏறவில்லை. அவளுக்கும் நிருபன் மரியாதைக்கு அறுபது போட்டிருந்தான். ஏறினாள். முள் அறுபதைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. யாரோ சிரித்தார்கள். காசு கொடுத்தவர்கள் இருக்க, சோதிக்க வந்தவள் ஏன் பறக்கவேண்டும்? இது முதலே தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தன் பெயரைத் தானே வெட்டினாள். பாரம் சரிவந்தது.

"அங்க அவர்தான் வந்து நிப்பார், அம்மா. தனியப் போவீங்களோ?"

அம்மா தயிர்ச் சட்டிகளை அவளுடைய கையில் திணித்தார்.

"மருமோனுக்கெண்டு வாங்கினது. உடைக்காமல் கொண்டு வா. பஸ்ஸில ஒருத்தரும் நிறுக்க மாட்டினம்."