வாசிப்பக்காவும் மாடிப்படி மனிதரும்

என் குடைக் கம்பெனியைப் பற்றிச் சொல் என்றால், தெருமுனையில் ஒடிந்த குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தவன் சொந்தக் கட்டடத்துக்கு வந்த கதையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியாயிற்று, கேட்காதவர்களுக்கும் சொல்லியாயிற்று. இது வாசிப்பக்காவைப் பற்றியது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

குடைத்துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைப்பது கைவேலை. சத்தமே இருக்காது. சத்தமில்லாத இடத்தில் ஆட்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் வம்பளப்பார்கள். இரண்டுக்கும் மருந்தாக, சம்பளம் கொடுத்து ஒருவரை உட்காரவைத்துக் கதை படிக்கச் சொன்னால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. பட்டம் வாங்கிய முதலாளிகள் எவனுக்கும் தோன்றவில்லை.

அப்படி வந்து சேர்ந்த வாசிப்பக்கா அதற்கு முன்னால் கோர்ட்டில் வேலை பார்த்தவர். சாட்சிகள் சொன்னதை எழுதிய பிறகு, அதை அவர்களுக்கே திரும்பப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவார். கொலை செய்தவன் சொன்னதையும் கோழியைத் தொலைத்தவள் சொன்னதையும் ஒரே குரலில் படித்துப் பழகியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் இரண்டு அறை, கூட ஒரு தங்கை. அந்த வீட்டில் பேச்சு மொத்தத்தையும் தங்கை குத்தகைக்கு எடுத்திருந்ததால் அக்காவுக்கு வாய் திறக்க வழி கிடையாது. எங்கள் தையல் கூடத்தில் அவருக்கென்று போட்டிருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தால்தான் அவருக்கு அன்றைய மூச்சே வரும்.

எந்தப் புத்தகம் என்பதை ஆட்கள் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். அந்தத் தடவை பழைய பேய்க்கதை ஒன்றுக்குக் கைகள் எழுந்தன. எழுதினவர் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்றாம்.

கதை இதுதான். பெரிய வீட்டில் நோயாளி அம்மாள் ஒருத்தி. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள். சாயங்காலமானால் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஓர் ஆள் நிற்பதை நர்ஸ் பார்க்கிறாள். அந்த அம்மாளின் செத்துப்போன புருஷன் அது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவர் படுவதில்லை. கடைசியில் நர்ஸ் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து, “பாருங்க, நிக்கிறாரு” என்கிறாள். அம்மாள் பார்க்கிறாள். நர்ஸின் கையிலேயே உயிர் போகிறது. பார்த்துப் போனதா, இழுத்த இழுப்பில் போனதா? கதை முழுவதையும் சொல்கிறவள் நர்ஸ் ஒருத்திதான். முடிவில் அவள் சொல்வது ஒரே வரி: “அவர் அங்கேதான் நின்றார்.”

படித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு நல்ல வரும்படி. பேய் வருகிற பக்கங்களில் எல்லோரும் ஊசியை இறுக்கிப் பிடித்தார்கள், தையல் நெருக்கமாக விழுந்தது. அந்த வாரக் குடைகள் புயலிலும் பிரியாது. இதைக் கண்டுபிடித்தவனும் நான்தான்.

தொல்லை, கதை முடிந்த பிறகு வந்தது.

குடைக்குப் பிடி மாட்டுகிறவள் புருஷனை இழந்தவள். “செத்தவரு பொண்டாட்டி இருக்கிற வீட்டுக்கு வராம பக்கத்து வீட்டுக்கா போவாரு? நின்னாரு, நர்ஸ் பார்த்தா, அவ்வளவுதான்” என்றாள்.

துணி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “எங்க வீட்டுக்காரி, நான் பார்க்காத பொம்பளையோட நான் பேசிட்டு நின்னதா சத்தியம் பண்ணுவா. அவ கண்ணுக்கு அது தெரியுதுங்க. நர்ஸுக்கும் அதே வியாதிதான். எல்லாம் மனசு.”

கணக்கு வழக்கைக் கவனிக்கிற என் மைத்துனன் நடுவில் புகுந்தான். “பேயும் இல்ல, மனசும் இல்ல. வேலைக் கள்ளம். பேய் நிக்குதுன்னா மாடியைப் பெருக்க வேண்டாமில்ல?”

என்னிடம் கேட்டார்கள். “அவளுக்கு அந்த வீட்டு மேல கண்ணு. அம்மாளைத் தீர்த்துட்டு எழுதி வாங்கப் பார்த்திருக்கா” என்றேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, “எதைப் பார்த்தாலும் உங்களுக்கு இடம் வாங்குற நினைப்பு” என்றாள். அதற்கப்புறம் ஒன்று புரிந்தது. ஆளை வேலைக்கு எடுக்கச் சிபாரிசும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். இந்தக் கதையைச் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் போதும், வீட்டுக்குள் நடப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

கூடம் பேய்க் கட்சி, மனசுக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, கீழே வைத்தார்கள். மழை வரப்போகிற சமயம், எங்களுக்குத் தலைபோகிற வேலை. வாசிப்பக்கா அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும், “அங்கேதான்-ல அழுத்திட்டீங்க” என்று ஒரு கட்சியும், “நின்றார்-ல குரலை இறக்கிட்டீங்க” என்று மறு கட்சியும் அவர்மீதே பாய்ந்தன.

மைத்துனன் காத்துக்கொண்டிருந்தான். “மாமா, ஒரு ரேடியோ மாட்டிருவோம். அது யார் பக்கமும் பேசாது. சம்பளமும் கேக்காது.”

நான் வாசிப்பக்காவை அறைக்குக் கூப்பிட்டேன். “சனிக்கிழமைக்குள்ள இதை முடிங்கம்மா. பேய் உண்டா, இல்லையா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, அவங்க ஊசியை எடுப்பாங்க. இல்லேன்னா திங்கட்கிழமை அந்த நாற்காலி இருக்காது, ரேடியோ இருக்கும்.”

“புத்தகத்துல இல்லையே, முதலாளி.”

“கடைசியில ஒரு வரி சேர்த்துப் படிச்சிருங்க. எழுதினவர் எழுந்து வந்தா கேக்கப்போறாரு?”

“சாட்சி சொல்லாததை நான் இதுவரைக்கும் படிச்சதில்ல” என்றார். நாற்காலிப் பேச்சை எடுத்ததும் அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். ஆனாலும் வார்த்தை மாறவில்லை.

இதற்குள் கட்சிக்காரர்கள் அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று பேய்க் கட்சி ஒரு பாட்டில் தேனைக் கொடுத்து, அங்கேதான்-ஐக் கொஞ்சம் அழுத்தச் சொன்னது. மனசுக் கட்சி வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு போய், நின்றார்-ஐக் கொஞ்சம் நடுங்கவிடச் சொன்னது. தங்கை இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாளாம். “எங்க அக்கா சாய மாட்டா. ஆனா தேன் நல்லா இருக்கு” என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். வாசிப்பக்கா நாற்காலியில் ஏறவில்லை. புத்தகத்தைத் துணி வெட்டுகிறவரிடம் நீட்டினார்.

“என் குரல்தானே சரியில்ல? நீங்க படிங்க.”

அவர் படித்தார். நர்ஸ் பேசுகிற இடமெல்லாம் அவர் மனைவியின் குரலாகவே வந்தது. பேய்க் கட்சி கைகொட்டிச் சிரித்தது. புத்தகம் பிடி மாட்டுகிறவளிடம் போனது. அவள் பேய் வருவதற்கு ஒரு பக்கம் முன்னாலேயே குரலைத் தாழ்த்தி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “கதையைப் படிக்கச் சொன்னா உன் கதையைப் படிக்கிறியே” என்றது மனசுக் கட்சி. மைத்துனன் வாங்கினான். பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது மாதிரி ஓட்டமாக ஓட்டினான். பேய் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

வாசிப்பக்கா புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, பத்திரம் எதுவானாலும் நானே கூட்டிப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன். விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“நான்... பார்த்... தேன்... படி... கள்... திரும்... பும்... இடத்... தில்...”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அடுத்த வரியில் அதுவும் நின்றது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எல்லோரும் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அங்கே யார் நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. அடுத்த எழுத்து என்ன என்கிற கவலையில் நர்ஸ் நல்லவளா கெட்டவளா என்று நினைக்க நேரமில்லை. அவள் வீட்டை எழுதி வாங்கப் பார்த்ததுகூட மறந்துபோயிற்று.

“அம்... மாள்... பார்த்... தாள்.”

பிடி மாட்டுகிறவள் பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி வெட்டுகிறவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவர்... அங்... கே... தான்...”

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினேன், வேறு காரணம் இல்லை.

“நின்... றார்.”

துணி வெட்டுகிறவர் மெதுவாக, “இப்பத்தாங்க எனக்கு நிஜமாவே பயமா இருக்கு” என்றார். “பேய்க்கா?” என்று மைத்துனன் கேட்டான். “அதுதான் தெரியல” என்றார். ஒருவர் ஊசியை எடுத்தார், பிறகு எல்லோரும் எடுத்தார்கள்.

இவ்வளவு நன்றாகப் படிக்கிற நாமே தினமும் படித்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை வந்தது, மறைப்பானேன். பிடி மாட்டுகிறவளும், “நாளையில இருந்து முதலாளியே படிக்கட்டுமே” என்றாள்.

“படிக்கட்டும்” என்றார் வாசிப்பக்கா. “அடுத்த புத்தகம் முடியறப்ப உன் பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.”

அவள் கையிலிருந்த குடைப்பிடி விழுகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மைத்துனனிடம், “ரேடியோ வேண்டாம், நாற்காலி இருக்கட்டும்” என்றேன். வாசிப்பக்கா அதில் ஏறி உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொள்ள வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் பிடித்தேன். “அம்மா, எனக்கு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம் இருக்கும்ல?”

“இருக்கு, முதலாளி.”

“என்ன அது?”

“சொன்னேன்னா, அடுத்த தடவை நான் படிக்கும்போது உங்களுக்கு அது கேட்டுரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னிடம் பேரம் பேசித் தப்பினவர்கள் குறைவு. பிறகு சம்பளத்தை உயர்த்தியும் பார்த்தேன். வாங்கிக்கொண்டார். சொல்லவில்லை.